போர்டு என்றால் எந்தப் பலகை?

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பத்துப் பதினைந்து சொற்கள் வரும். இந்த முறை தபாலைப் பிரித்து அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே சொல்லைச் சுற்றி வந்திருக்கிறது. பேருந்து நெற்றியில் இருப்பதும் போர்டு, கரண்ட் பில் அனுப்புவதும் போர்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்வதும் போர்டு. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். வேறு சொல் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோவை வாசகி: மகன் எங்களுக்கு ஐரோப்பா சுற்றுலாவுக்கு ஹோட்டல் பதிவு செய்திருக்கிறான். ரசீதில் 'ஹாஃப் போர்டு' என்று இருக்கிறது. அறையைப் பாதியாகத் தடுத்துத் தருவார்களா? அவனிடம் கேட்டால் "அதெல்லாம் நல்ல ஹோட்டல்தாம்மா" என்கிறான்.

அறை முழுசாகத்தான் கிடைக்கும், கவலை வேண்டாம். பாதி என்பது சாப்பாட்டுக் கணக்கு. ஹாஃப் போர்டு என்றால் காலைச் சிற்றுண்டியும் இன்னொரு வேளைச் சாப்பாடும் வாடகையில் அடக்கம். அந்த இன்னொரு வேளை பெரும்பாலும் இரவுதான். ஊர் சுற்றப் போன இடத்தில் மதியச் சாப்பாடு உங்கள் பாடு. ஃபுல் போர்டு என்றால் மூன்று வேளையும் அவர்கள் பொறுப்பு. பானங்களுக்குப் பெரும்பாலும் தனியாகக் காசு கேட்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கும்கூட. மகனிடம் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பழைய ஆங்கிலத்தில் போர்டு என்றால் பலகை. அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் சாப்பாட்டு மேஜை என்று தனியாக ஒன்று நிரந்தரமாகக் கிடக்காது. நீளப் பலகையை எடுத்து வந்து கால்களின் மேல் போட்டால் அது மேஜை. சாப்பிட்டு முடித்ததும் பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள், கூடம் காலியாகிவிடும். அதனால் 'பலகை போட்டாயிற்று' என்றால் சாப்பாடு தயார் என்று பொருள் ஆயிற்று. நாளாக ஆகப் பலகை என்ற சொல்லே சாப்பாட்டுக்கு நின்றுவிட்டது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம். கல்யாண வீட்டில் "எத்தனை இலை விழுந்தது?" என்று கேட்கிறோம். சமையல் கான்ட்ராக்டர் "ஓர் இலைக்கு இவ்வளவு" என்று விலை சொல்கிறார். யாரும் வாழை இலையின் விலையைச் சொல்கிறார் என்று நினைப்பதில்லை. நமக்கு இலை, அவர்களுக்குப் பலகை, அவ்வளவுதான். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மொழிகளில் இன்றைக்கும் 'போர்ட்' என்றால் மேஜைதான். நட்சத்திர ஹோட்டல் மெனுவில் பார்த்திருப்பீர்களே, 'ஸ்மோர்காஸ்போர்டு' என்று வாயில் நுழையாத ஒரு பெயர்? அது ஸ்வீடன்காரர்களுடையது. வெண்ணெய் தடவிய ரொட்டி பரப்பிய மேஜை.

இந்தப் பொருள் நம் ஊரில் பெயர்ப்பலகையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். லாட்ஜிங் என்றால் தங்க இடம், போர்டிங் என்றால் சாப்பாடு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் போர்டிங் என்றால் பஸ் ஏறும் இடம் என்று நினைத்துக்கொண்டிருந்ததாக ஒரு கல்லூரி மாணவர் எனக்கு எழுதியிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பல விடுதிகளில் அடுப்பை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது, பெயர்ப்பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இன்னொரு விஷயம். நம் நாட்டு மலைவாசஸ்தல ஹோட்டல்களில் இதையே வேறு குறியீட்டில் சொல்வார்கள். ஈ.பி. என்றால் அறை மட்டும். மின்சார வாரியம் இல்லை, 'யூரோப்பியன் பிளான்'. சி.பி. என்றால் காலைச் சிற்றுண்டி உண்டு. எம்.ஏ.பி. என்பதுதான் உங்கள் ஹாஃப் போர்டு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும்.

யாழ்ப்பாண வாசகர்: எங்கள் பக்கம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு எடுக்கும் அறையைத்தான் போர்டிங் என்கிறோம். சாப்பாடு கடையில்தான். நாங்கள் சொல்வது பிழையா?

பிழையே இல்லை. ஒரு வீட்டில் அறை எடுத்தால் வீட்டுக்காரரே சாப்பாடும் போடுவது என்ற ஏற்பாட்டுக்கு வந்த பெயர் அது. சாப்பாடு கழன்றுகொண்டது, பெயர் அறையோடு தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் விடுதிக்காரர் பெயர்ப்பலகையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு சமையலறையில் விட்டுவிட்டார். நீங்கள் குறைந்தபட்சம் சொல்லின் பொருளையே மாற்றிக்கொண்டீர்கள். அது நேர்மையான வழி.

ஆனால் லண்டனில் இருக்கும் உறவினருக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். 'போர்டர்' என்று எழுதினால் காசு கொடுத்துத் தங்கி, சாப்பாடும் சாப்பிடுகிறவர் என்றுதான் அங்கே படிப்பார்கள். அறை மட்டும் எடுத்தவர் 'லாட்ஜர்' அல்லது 'டெனன்ட்'. ஊட்டி, கொடைக்கானல் போர்டிங் பள்ளிகளில் 'போர்டர்', 'டே ஸ்காலர்' என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் இதே கணக்குத்தான். பள்ளியில் தங்கிச் சாப்பிடுகிறவன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறவன். இந்தப் போர்டருக்கு ஆங்கில எழுத்தில் நடுவில் ஓர் 'ஏ' உண்டு. அதை விட்டால் எல்லைக்கோடு ஆகிவிடும். விடுதி விண்ணப்பத்தில் மகனை எல்லைக்கோடாக ஆக்கியவர்கள் நிறையப் பேர்.

தூத்துக்குடி வாசகர்: மகன் கப்பல் படிப்பு படிக்கிறான். 'ஸ்டார்போர்டு' என்றால் நட்சத்திரம் பார்க்கும் பக்கம் என்று அவனுடைய தாத்தா சொல்கிறார். உண்மையா?

தாத்தா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் நட்சத்திரத்துக்கு இதில் வேலை இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டேயோர்போர்டு'. முதல் பாதி 'ஸ்டியர்', அதாவது திசை திருப்புவது. இரண்டாம் பாதி கப்பலின் பக்கம். சுக்கான் கப்பலின் பின்புறம் நடுவில் வருவதற்கு முன்னால், ஒரு பெரிய துடுப்பை வலப்பக்கம் கட்டித்தான் கப்பலைத் திருப்பினார்கள். பெரும்பாலான ஆட்களுக்கு வலக்கைதானே பழக்கம். ஆகவே திருப்புகிற பக்கம் ஸ்டார்போர்டு.

வலப்பக்கம் துடுப்பு இருப்பதால் துறைமுகத்தில் அந்தப் பக்கத்தை அணைத்துக் கட்ட முடியாது, துடுப்பு நசுங்கும். இடப்பக்கத்தைத்தான் கரையோடு ஒட்டுவார்கள். சரக்கு ஏற்றுவதும் அந்தப் பக்கம். அதற்கு 'லார்போர்டு' என்று பெயர் இருந்தது. புயலில், காற்று இரைச்சலில், ஸ்டார்போர்டு என்று கத்தினாரா லார்போர்டு என்று கத்தினாரா என்று எப்படிப் பிரிப்பது? 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டு என்ற சொல்லை விலக்கி 'போர்ட்' என்று சொல்லும்படி உத்தரவு போட்டது. துறைமுகத்தை ஒட்டும் பக்கம் என்பதால் போர்ட். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படையும் பின்பற்றியது. இதில் நமக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. தமிழில் எழுதினால் போர்ட், போர்டு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. பையனை ஆங்கில எழுத்திலேயே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

விளக்கு கேட்பார்கள், அதையும் சொல்லி வையுங்கள்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. விமானத்தின் இறக்கை விளக்குகளும் அப்படியே. விமானத்தில் பயணிகள் பெரும்பாலும் இடப்பக்க வாசல் வழியாக ஏறுவதும் கப்பலிலிருந்து வந்த பழக்கம்தான்.

பையன் படிக்கும்போது இன்னும் இரண்டு வரும். 'மேன் ஓவர்போர்டு' என்று கத்தினால் ஆள் கடலில் விழுந்துவிட்டார் என்று பொருள். கரையில் இருப்பவர்கள் 'கோ ஓவர்போர்டு' என்பது அளவு மீறுவதற்கு. மகள் பிறந்தநாளுக்குக் கல்யாண மண்டபம் பிடிப்பது அந்த வகை. 'கோ பை த போர்டு' என்பது, முறிந்த பாய்மரம் கப்பலின் பக்கவாட்டில் கடலில் போனதிலிருந்து வந்தது. இன்று கைவிடப்பட்ட திட்டத்துக்குச் சொல்கிறார்கள்.

மதுரை மாணவி: 'போர்டட் இன்டு த பஸ்' என்று எழுதினேன், ஆசிரியை அடித்துவிட்டார். ஏன்?

தாளில் அடித்தார் என்று எடுத்துக்கொள்கிறேன். 'போர்டு' என்ற வினைச்சொல்லிலேயே 'ஏறு' இருக்கிறது. அதற்கு மேல் 'இன்டு' போட்டால் 'உள்ளே உள்ளே ஏறினேன்' என்ற மாதிரி ஆகிவிடும். 'போர்டட் த பஸ்', முடிந்தது. கப்பலின் பக்கத்துக்கு வந்து அதன் மேல் ஏறுவதுதான் முதலில் இந்தச் சொல்லின் வேலை. அப்புறம் ரயில் வந்தது, பஸ் வந்தது, விமானம் வந்தது, கப்பல் சொல்லையே எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டார்கள். எழும்பூரில் டிக்கெட் எடுத்துத் தாம்பரத்தில் ஏறுகிறவர்கள் 'போர்டிங் ஸ்டேஷன்' மாற்றுவதும் இதுவே.

கார், ஆட்டோவுக்கு மட்டும் இது வராது. உள்ளே நின்று நடக்க இடமுள்ள வண்டி என்றால் போர்டு, குனிந்து நுழைகிற வண்டி என்றால் 'கெட் இன்டு'. ஷேர் ஆட்டோவுக்கு எந்த இலக்கணமும் பொருந்தாது.

கூடவே ஒன்று. இதே மாணவி கடிதத்தின் கீழே 'என் மாமா அபோர்டில் இருக்கிறார்' என்று எழுதியிருக்கிறார். மாமா துபாயில் வேலை பார்க்கிறார் என்றால் அது 'அப்ராட்'. 'அபோர்டு' என்றால் கப்பலிலோ விமானத்திலோ இருக்கிறார் என்று பொருள். மாமா மாலுமியாக இருந்தால் இரண்டும் சரி.

திருச்சி வாசகர்: பலகை எப்படி இயக்குநர்கள் ஆயிற்று? 'போர்டு ஆஃப் டைரக்டர்ஸ்' என்பதில் பலகை எங்கே இருக்கிறது? அதற்கு 'வாரியம்' என்று தமிழில் பெயர் வைத்தது யார்? அரசாங்கம் உருவாக்கிய சொல்லா?

இந்த மூட்டையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பலகை. சாப்பிட்ட மேஜையிலேயே உட்கார்ந்து கணக்கும் வழக்கும் பேசினார்கள். மேஜை என்ற சொல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்த ஆட்களுக்குப் போயிற்று. ஆங்கிலத்துக்கு மரச்சாமானை மனிதராக்கும் பழக்கம் நிறைய உண்டு. நீதிபதி அமர்ந்தது பெஞ்ச், இன்று 'டிவிஷன் பெஞ்ச்' தீர்ப்பு சொல்கிறது. வழக்கறிஞர்கள் நின்ற இடத்துத் தடுப்புக் கட்டை பார், இன்று 'பார் கவுன்சில்'. சின்ன அறைக்கும் அலமாரிக்கும் பெயராக இருந்த 'கேபினட்' அமைச்சரவை ஆயிற்று. கூட்டத்தில் 'அட்ரஸ் த சேர்' என்றால் நாற்காலியைப் பார்த்துப் பேசச் சொல்லவில்லை, தலைவரைப் பார்த்துப் பேசச் சொல்கிறார்கள்.

இந்தியாவுக்கு இந்தச் சொல் ஆட்சியோடு சேர்ந்தே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்காணிக்க 1784இல் லண்டனில் அமைத்தது 'போர்டு ஆஃப் கன்ட்ரோல்'. 1786இல் சென்னையில் 'போர்டு ஆஃப் ரெவின்யூ' வந்தது. நிலவரி, ஜமாபந்தி, பட்டா எல்லாவற்றுக்கும் மேல் அதிகாரம் அதுதான். தாத்தா காலத்துப் பத்திரக்கட்டில் 'ரெவின்யூ போர்டார்' என்று பார்த்திருப்பீர்கள். பலகைக்கு 'ஆர்' விகுதி போட்டு மரியாதை கொடுத்த மொழி நம்முடையது! அந்தப் போர்டைத் தமிழ்நாடு கலைத்தது 1980இல். இடையில் ஜில்லா போர்டுகள் வந்தன, ரோடு போட்டன, பள்ளிக்கூடம் நடத்தின. என் அப்பா படித்தது போர்டு ஹைஸ்கூல். 'போர்டு' என்றால் கரும்பலகை உள்ள பள்ளி என்று நினைத்துச் சின்ன வயதில் நான் சண்டை போட்டிருக்கிறேன், எங்கள் பள்ளியிலும்தான் கரும்பலகை இருக்கிறதே என்று. ரயில்வே போர்டு 1905இல் வந்தது, இன்னும் இருக்கிறது.

இனி வாரியம். அரசாங்கம் உருவாக்கிய சொல் அல்ல, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. காஞ்சிபுரத்திலிருந்து கொஞ்ச தூரம் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி ஆட்களைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை பள்ளிப் பாடத்தில் வரும். தேர்ந்தெடுத்து என்ன செய்தார்கள்? வாரியங்களில் போட்டார்கள். ஆண்டு முழுக்க ஊர்க் காரியம் பார்க்கச் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம். ஏரி வாரியத்தில் ஆறு பேர், தோட்ட வாரியத்தில் பன்னிரண்டு பேர். பதவிக்காலம் 360 நாள். அவர்களைக் குறிப்பது 'வாரியப் பெருமக்கள்' என்று.

அந்தக் கல்வெட்டில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் போடக் கூடாது. இதை எந்த இன்றைய வாரியத்தின் வாசலிலும் எழுதி வைக்கலாம், நான் எதையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

ஆகவே 1957இல் மின்சார வாரியம், 1961இல் வீட்டு வசதி வாரியம், 1970இல் குடிசை மாற்று வாரியம், 1978இல் சென்னைக் குடிநீர் வாரியம் என்று பெயர் வைத்தபோது, சோழர் காலத்துச் சொல்லைப் புதுக் கட்டடத்தில் குடி வைத்தார்கள். நல்ல தேர்வு. 'பலகை' என்று பெயர்த்திருந்தால் 'மின்சாரப் பலகை' என்று சுவிட்சுப் பெட்டிக்குப் போயிருக்கும். அதற்காகப் பலகைக்கும் சபைக்கும் நம்மிடம் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மதுரைப் புராணக் கதையில் வரும் சங்கப் பலகை என்ன? தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் கொடுத்து விரியும் பலகை. உலகத்திலேயே கறாரான போர்டு அதுதான்.

பேச்சில் மட்டும் வாரியம் ஏறவில்லை. மின்சார வாரியத்தை 2010இல் பிரித்து உற்பத்தி, பகிர்மானத்துக்கு ஒரு கழகம், தொடரமைப்புக்கு ஒரு கழகம் என்று ஆக்கினார்கள். குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. தெருவில் இன்னும் 'ஈ.பி.காரர்', 'ஹவுசிங் போர்டு' என்றுதான் பேச்சு.

எல்லை தாண்டினால் சொல் மாறும். இலங்கையில் இதே மின்சார போர்டு 'மின்சார சபை'. சிங்கப்பூரில் 1960இல் தொடங்கிய வீடமைப்பு போர்டு 'வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்', சுருக்கமாக வீவக. ஆனால் தமிழ்நாட்டில் கழகம் என்றால் கார்ப்பரேஷன், போக்குவரத்துக் கழகம் மாதிரி. மூன்று நாட்டுச் செய்தித்தாளையும் படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எது சரி என்று என்னைக் கேட்டால், சபையில் பேச்சுச் சத்தம் கேட்கிறது, வாரியத்தில் வேலைச் சத்தம் கேட்கிறது. என் ஓட்டு வாரியத்துக்கு.

விழுப்புரம் வாசகர்: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். போர்டு, கமிஷன், கமிட்டி, கவுன்சில் நான்கையும் தமிழில் எப்படிப் பிரிப்பது?

வாரியம், ஆணையம், குழு, மன்றம். நீங்கள் எழுதப்போகும் தேர்விலேயே இரண்டு இருக்கின்றன. டி.ஆர்.பி. என்பது ஆசிரியர் தேர்வு வாரியம். டி.என்.பி.எஸ்.சி.யில் கமிஷன் இருப்பதால் அது தேர்வாணையம். கவுன்சிலுக்கு மட்டும் இடத்துக்கு இடம் சொல் மாறும். சட்டமன்றத்தின் மேலவை 'மேலவை' என்றே இருந்தது, மன்றம் ஆகவில்லை. ஆகவே அரசாணையில் இருக்கும் பெயரை அப்படியே படியுங்கள், நீங்களாகப் பெயர்க்காதீர்கள்.

சென்னை வாசகர், வங்கி ஊழியர்: 'அபவ் போர்டு', 'அக்ராஸ் த போர்டு' இரண்டையும் எங்கள் சுற்றறிக்கையில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். விளக்குங்கள்.

முதலாவது சீட்டாட்ட மேஜை. கை மேஜைக்கு மேலே எல்லோர் கண்ணிலும் தெரிந்தால் சீட்டை மாற்றவில்லை என்று அர்த்தம். அதனால் ஒளிவுமறைவற்ற காரியம் 'அபவ் போர்டு'. மேஜைக்குக் கீழே நடப்பது என்னவென்று அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேஜை ஒன்றுதான், கை போகும் திசைதான் வேறு.

இரண்டாவது அமெரிக்கக் குதிரைப் பந்தயம். ஒரே குதிரை முதலாவது வரும் என்றும், இரண்டுக்குள் வரும் என்றும், மூன்றுக்குள் வரும் என்றும் மூன்றிலும் சமமாகப் பணம் கட்டினால் 'அக்ராஸ் த போர்டு'. பந்தய விகிதம் எழுதிய பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 'எல்லோருக்கும் ஒரே மாதிரி' என்று பொருள் வந்தது. சம்பள உயர்வு அக்ராஸ் த போர்டு வந்தால் சந்தோஷம், அபவ் போர்டாக வந்தால் ஆச்சரியம்.

பெங்களூரிலிருந்து ஒரு தமிழர்: புது வேலையில் 'உங்களை ஆன்போர்டு செய்கிறோம்' என்று மின்னஞ்சல் வந்தது. அடுத்த வாரம் 'உங்கள் கருத்தை டேக் ஆன் போர்டு செய்தோம்' என்று வந்தது. அதற்கப்புறம் எதுவும் நடக்கவில்லை.

முதலாவது, உங்களைக் கப்பலில் ஏற்றி, அடையாள அட்டையும் மடிக்கணினியும் கொடுத்து, நான்கு நாள் ஸ்லைடு காட்டுவது. இரண்டாவது, உங்கள் யோசனையைக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கப்பல் புறப்படும் என்று யாரும் சொல்லவில்லையே. ஆங்கில அலுவலகத்தில் இது 'பார்க்கலாம்' என்பதன் மரியாதையான வடிவம். மனிதரை 'ஆன்போர்டு' என்று வினைச்சொல்லாக்குவது எனக்குப் பிடிக்காது. 'வெல்கம்' என்ற சொல் என்ன பாவம் செய்தது? ஆனால் என் பிடித்தம் எந்த மனிதவளத் துறையையும் தடுக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் பிரித்து வையுங்கள். 'ஆன் போர்டு' என்றால் நீங்களும் கூட்டணியில் சேர்ந்துவிட்டீர்கள். 'ஆன் த போர்டு' என்றால் நீங்கள் இயக்குநர் ஆகிவிட்டீர்கள். நடுவில் உள்ள சின்ன 'த'வுக்குப் பல கோடி ரூபாய் மதிப்பு.

நாகர்கோவில் வாசகி: 'கப்போர்டு' என்று சொன்னால் பேத்தி சிரிக்கிறாள்.

'கபர்டு' என்பதுதான் அவர்கள் உச்சரிப்பு, 'ப்' கரைந்துவிடும். கோப்பைகளை அடுக்கி வைத்த பலகை அல்லது மேஜை என்று தொடங்கிக் கதவு போட்ட அலமாரி ஆனது. பேத்தியிடம் அதில் கோப்பை எங்கே என்று கேளுங்கள், சிரிப்பு நிற்கும். அலமாரி என்று தமிழில் சொன்னாலும் தப்பிக்க முடியாது, அது போர்த்துகீசியச் சொல்.

நியூஜெர்சி வாசகி: ஊரில் 'போர்டு எக்ஸாமுக்குப் படிக்கிறான்' என்று தம்பி மகனைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாள் "அதற்குள் டாக்டரா?" என்றார்.

அங்கே 'போர்ட்ஸ்' என்றால் மருத்துவர்கள் எழுதும் தகுதித் தேர்வு என்றுதான் முதலில் தோன்றும். 'போர்டு சர்ட்டிஃபைடு' என்று டாக்டர் பெயர்ப்பலகையிலேயே போட்டிருப்பார்கள். 'ஸ்டேட் ஸ்கூல் எக்ஸாம்' என்று சொல்லிவிடுங்கள். வேறு வழியில்லை என்றால் டாக்டர் ஆகட்டும், தம்பிக்கும் சந்தோஷம்தான்.

தாம்பரம் வாசகி: 'ஒயிட் போர்டு வருதா பாரு' என்று மாமியார் சொன்னார். கல்லூரிக்குப் புதிதாக வந்த வடநாட்டுப் பெண் வகுப்பறைப் பலகை என்று நினைத்துக்கொண்டாள். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'ஆர்டினரி ஃபேர் பஸ்' என்று சொல்லுங்கள். சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்துக்கு வெள்ளைப் போர்டு என்பதால் வந்த பெயர் அது. 2021 மே மாதத்திலிருந்து இதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு இந்தச் சொல்லின் மதிப்பு ஊரில் எவ்வளவோ ஏறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு முதலில் அதைச் சொல்லிக் கொடுங்கள், இலக்கணம் பிறகு.

ஈரோடு மாணவர்: 'ஐ ஆம் போர்டு' என்று நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான், பலகையின் எழுத்தோடு.

பலகையாக இருப்பதாகச் சொல்கிறான். 'போர் அடிக்கிறது' என்றால் எழுத்து வேறு, அதில் 'ஏ' கிடையாது.

சேலம் வாசகர், கம்பெனி செயலாளர்: 'த போர்டு ஹேஸ் டிசைடட்' சரியா, 'ஹேவ் டிசைடட்' சரியா? எங்கள் லண்டன் அலுவலகம் 'ஹேவ்' என்றே எழுதுகிறது.

தேர்விலும் தீர்மானப் புத்தகத்திலும் 'ஹேஸ்' போடுங்கள், போர்டு ஒன்றுதானே. பிரிட்டிஷ்காரர்கள் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்களை நினைத்து 'ஹேவ்' போடுவார்கள், அங்கே அதுவும் செல்லும். அமெரிக்கர்கள் 'ஹேஸ்' பக்கம். ஒரே தீர்மானத்துக்குள் மேலே ஹேஸ், கீழே ஹேவ் என்று மட்டும் வரவிடாதீர்கள். லண்டனிலிருந்து வந்ததைத் திருத்தித் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.